வேல்ஸ் 1999: அந்த ஓர் ஆண்டில் உண்மையில் மாறியது எது?

#1 கிளிநிழல்

பிரிட்டன் அரசியல் பற்றி இங்கே நிறைய இழைகள் உண்டு. ஸ்காட்லாந்தைப் பேசியிருக்கிறோம், வட அயர்லாந்தைப் பேசியிருக்கிறோம். வேல்ஸ் மட்டும் யாருடைய பதிவிலும் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. முழு வரலாற்றுக்கும் போக வேண்டாம், 1999 என்ற ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோம்.

மே 6 அன்று வேல்ஸ் மக்கள் தங்கள் தேசியப் பேரவைக்கு முதன்முறையாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 26 அன்று, இன்னும் கட்டி முடிக்காத கார்டிஃப் அரங்கத்தில், வேல்ஸ் ரக்பி அணி தென்னாப்பிரிக்காவை வரலாற்றில் முதன்முறையாக வென்றது. அந்த ஆண்டில்தான் வேல்ஸ் மொழி எல்லா மாணவர்களுக்கும் 16 வயதுவரை கட்டாயப் பாடமானது. அக்டோபரில் ரக்பி உலகக் கோப்பை கார்டிஃபில் தொடங்கியது. டிசம்பர் 31 இரவு அதே அரங்கத்தில் ஒரு வேல்ஸ் ராக் குழு, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு முன்னால் பாடி ஆண்டை வழியனுப்பியது. அப்போது முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நாட்டில் இத்தனையும் பன்னிரண்டு மாதங்களுக்குள் நடந்தன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979 மார்ச் 1, புனித டேவிட் திருநாள், வேல்ஸின் தேசிய நாள். அன்றுதான் "உங்களுக்கென்று ஒரு பேரவை வேண்டுமா?" என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறத்தாழ நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்றார்கள் மக்கள். 1997 செப்டம்பர் 18 அன்று அதே கேள்வி மறுபடி வந்தது. இந்த முறை வேண்டும் என்றவர்கள் 50.3 சதவீதம். வித்தியாசம் 6,721 வாக்குகள். வாக்களிக்க வந்ததே பாதிப் பேர். ஒரு தேசத்தின் பேரவை இவ்வளவு மெலிந்த நூலில் தொங்கிக்கொண்டு பிறந்தது.

என் வாதம் இது: 1999இன் கொண்டாட்டம் முழுக்க ரக்பிக்கும் பாட்டுக்கும் போனது. பேரவைத் தேர்தலுக்கு வந்தவர்கள் 46 சதவீதம் பேர்தான். ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால், ஆரவாரமில்லாமல் பிறந்த அந்தப் பேரவைதான் வேரூன்றி வளர்ந்திருக்கிறது. விளையாட்டும் இசையும் ஒரு நாட்டை உருவாக்கும் என்பதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

#2 மூன்றாம்வரிசை

நான் வருகிறேன். ரக்பியைக் கொண்டாட்டம் என்று ஒதுக்கிவிட்டீர்கள், அதை அப்படியே விட முடியாது.

1998 ஜூன் 27, பிரிட்டோரியா. தென்னாப்பிரிக்கா 96, வேல்ஸ் 13. கால்பந்தில் ஐந்தாறு கோல் வாங்குவதைவிடப் பல மடங்கு அவமானம் அது. எழுபதுகளில் உலகையே மிரட்டிய அணி அந்த நிலைக்கு வந்திருந்தது. அப்புறம்தான் நியூசிலாந்திலிருந்து கிரஹாம் ஹென்றியைப் பயிற்சியாளராகக் கூட்டிவந்தார்கள். "மகா மீட்பர்" என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் கொடுத்தன. ரக்பி கூட்டம் பாடும் பழைய தேவாலயப் பாட்டில் வரும் சொல் அது.

1999 மார்ச் 6 அன்று பாரிஸில் பிரான்சை 34-33 என்று வென்றார்கள். 1975க்குப் பிறகு பாரிஸில் கிடைத்த முதல் வெற்றி.

அடுத்து ஏப்ரல் 11. பழைய ஆர்ம்ஸ் பார்க் அரங்கத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டிக்கொண்டிருந்ததால் வேல்ஸ் தன் "சொந்த மண்" ஆட்டங்களை லண்டனில் வெம்ப்ளியில் ஆடிக்கொண்டிருந்தது. அன்று எதிரணி இங்கிலாந்து. அவர்கள் வென்றால் ஐந்து நாடுகள் போட்டியின் கோப்பையும், எல்லா ஆட்டங்களையும் வென்ற 'கிராண்ட் ஸ்லாம்' பெருமையும் அவர்களுக்கு. ஆட்டத்துக்கு முன் டாம் ஜோன்ஸும் மாக்ஸ் பாய்ஸும் பாடினார்கள். இங்கிலாந்து மூன்று ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது, ஐந்து புள்ளி) போட்டது, இடைவேளையில் 25-18 என்று முன்னிலையில் இருந்தது. வேல்ஸைத் தாங்கிப் பிடித்தது நீல் ஜென்கின்ஸின் கால். பெனால்டி கிடைக்கும்போதெல்லாம் உள்ளே அடித்தார், ஆறு முறை.

கடைசி நிமிடங்களில் இங்கிலாந்து 31-25. அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. மூன்று புள்ளிக்கு அடித்திருந்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். கேப்டன் டல்லாலியோ ட்ரைக்கு ஆசைப்பட்டுப் பந்தை எல்லைக்கோட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு இங்கிலாந்தின் டிம் ராட்பர் செய்த ஒரு தவறால் வேல்ஸுக்குப் பெனால்டி. ஜென்கின்ஸ் பந்தை நெடுந்தூரம் வெளியே அடித்தார். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்-அவுட்டில் பந்து வந்தது, ஸ்காட் குவின்னெல் கையில் தடுமாறி ஸ்காட் கிப்ஸிடம் போனது. கிப்ஸ் ஒருவர் பின் ஒருவராக வெள்ளைச் சட்டைகளைத் தாண்டி, ஒரு கையை உயர்த்திக்கொண்டே போய் விழுந்தார். 31-30. ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு புள்ளி உதையான கன்வெர்ஷனை ஜென்கின்ஸ் அடித்தார். 32-31.

அன்று வேல்ஸ் வென்றதால் கோப்பை ஸ்காட்லாந்துக்குப் போனது. ஐந்து நாடுகள் போட்டியின் கடைசிக் கோப்பை அது. அடுத்த ஆண்டு இத்தாலி சேர்ந்து ஆறு நாடுகளாகிவிட்டது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். கிப்ஸின் ட்ரை ஏப்ரல் 11, பேரவைத் தேர்தல் மே 6. இடையில் நான்கு வாரம்கூட இல்லை. நாட்டின் பேச்சு எதைப் பற்றி இருந்திருக்கும்? தன்னால் முடியும் என்று ஒரு மக்கள் கூட்டம் நம்பத் தொடங்குவது தேர்தல் அறிக்கை படித்து நடப்பதில்லை.

#3 உப்புக்காற்று

கிப்ஸ் ட்ரை போட்டும் வாக்குச் சாவடிக்கு வந்தவர்கள் 46 சதவீதம்தானே, மூன்றாம்வரிசை? நீங்கள் சொல்லும் நம்பிக்கை அரங்கத்துக்குள் எழுந்தது, அங்கேயே தங்கிவிட்டது.

மக்கள் வராததற்குக் காரணம் அரசியலில் இருந்தது. வேல்ஸுக்கு அதிகாரப் பகிர்வு வாங்கிக் கொடுப்பதில் முன்நின்ற ரான் டேவிஸ் 1998 அக்டோபரில் பதவி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று தொழிற்கட்சிக்குள் 1999 பிப்ரவரியில் தேர்தல். ஒரு பக்கம் ரோட்ரி மார்கன், கார்டிஃப்காரர், கட்சித் தொண்டர்களுக்குப் பிடித்தவர். இன்னொரு பக்கம் அலன் மைக்கேல், அன்றைய பிரதமர் டோனி பிளேரின் தேர்வு. சாதாரண உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் மார்கனுக்குத்தான் போட்டார்கள். பெரிய தொழிற்சங்கங்களின் மொத்த வாக்கு மைக்கேல் பக்கம் விழுந்தது. 52.7க்கு 47.3. லண்டனிலிருந்து விடுதலை பெறுவதற்கான அமைப்புக்கு லண்டன் ஆளை லண்டனே தலைவராக்கினால் மக்களுக்கு எப்படி இருக்கும்?

அதற்கான பதில் மே மாதம் கிடைத்தது. 60 இடங்களில் தொழிற்கட்சிக்கு 28, பெரும்பான்மை இல்லை. டவித் விக்லி தலைமையிலான வேல்ஸ் தேசியக் கட்சி ப்ளைட் கம்ரிக்கு 17, கன்சர்வேட்டிவ்களுக்கு 9, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 6. ராண்டாவையும் இஸ்லுயினையும் தொழிற்கட்சி ப்ளைட் கம்ரியிடம் இழந்தது. நிலக்கரிப் பள்ளத்தாக்குகள் அவை. தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்குப் போட்ட ஊர்கள். அங்கே தோற்பது அந்தக் கட்சிக்குச் சொந்த வீட்டிலேயே படியேற முடியாமல் போன மாதிரி.

1999இல் ஒரு திருப்பம் உண்டென்றால் என் கணக்கில் அது ராண்டா முடிவுதான்.

#4 டாஃப்கரை

கார்டிஃபில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று தம்பி சொல்லும் கட்சிச் சண்டை உண்மை. ஆனால் அந்த முதல் பேரவையின் உள்ளே யார் உட்கார்ந்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லையே. 60 பேரில் 24 பேர் பெண்கள், 40 சதவீதம். அதே காலத்தில் லண்டன் நாடாளுமன்றத்தில் 659 பேரில் 120 பேர். தொழிற்கட்சி தொகுதிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றில் ஆண், ஒன்றில் பெண் என்று நிறுத்தியதால் வந்த எண்ணிக்கை இது. கட்சிக்குள் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு! 2003இல் 60இல் 30 என்று சரிபாதியானது. வேல்ஸ் பொதுவாழ்க்கை அதுவரை எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று புரியும். சுரங்கம், சங்கம், ரக்பி கிளப், ஆண்கள் பாடகர் குழு, எல்லாமே ஆண்களின் உலகம். கிளிநிழல் பட்டியலிலும் மூன்றாம்வரிசை பதிவிலும்கூட ஒரு பெண்ணைக் காணோம்.

மே 26 அன்று அரசி வந்து பேரவையைத் தொடங்கிவைத்தார். அன்று கார்டிஃப் விரிகுடாவில் பெரிய கச்சேரி. பாடகி ஷர்லி பாஸி வேல்ஸ் கொடியையே கவுனாகத் தைத்துப் போட்டுக்கொண்டு மேடையேறினார், சிவப்பு டிராகன் படத்தோடு. அவர் பிறந்தது அந்தத் துறைமுகப் பகுதியிலேதான். அப்பா நைஜீரியர். டைகர் பே என்று சொல்வார்கள், உலகத்து மாலுமிகள் எல்லாம் வந்து குடியேறிய இடம். ஒரு கறுப்பினப் பெண் அந்தக் கொடியை உடலில் சுற்றிக்கொண்டு "இது என் ஊர்" என்பதுபோல நின்ற காட்சி, என்னைப் போல வெளியிலிருந்து வந்து இங்கே வாழ்பவர்களுக்கு அரங்கத்து வெற்றிகளைவிடப் பெரியது. அதை மனதாரச் சொல்கிறேன்.

பேரவைக்கென்று சொந்தக் கட்டடம் அன்று இல்லை. க்ரிக்ஹவல் ஹவுஸ் என்ற சிவப்புச் செங்கல் அலுவலகக் கட்டடத்தில் கூடினார்கள். ரிச்சர்ட் ராஜர்ஸ் வடிவமைத்த இப்போதைய பேரவைக் கட்டடமான செனெட் 2006 மார்ச் 1 அன்றுதான் திறந்தது.

#5 நீலமணி

அக்கா, க்ரிக்ஹவல் என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. அந்தக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த க்ரிக்ஹவல் பிரபு, வேல்ஸ் விவகார அமைச்சராக இருந்தவர். அவர்தான் கார்டிஃப் விரிகுடா ஆபரா மாளிகை அறக்கட்டளைக்கும் தலைவர். கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் 1994இல் போட்டியில் வென்று வடிவமைத்த மாளிகை அது. வேல்ஸ் தேசிய ஆபரா குழுவுக்கு வீடாக இருந்திருக்க வேண்டியது. 1995 டிசம்பரில் மில்லெனியம் கமிஷன் அதற்கு லாட்டரிப் பணம் தர மறுத்தது. பிறகு அதே கமிஷன் ரக்பி அரங்கத்துக்கு 46 மில்லியன் பவுண்டு கொடுத்தது.

1999 பற்றிப் பேசுபவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த ஆண்டு ஜொலித்த அரங்கம், கட்டப்படாத ஓர் இசை மாளிகையின் நிழலில் நிற்கிறது. ஆபரா மேட்டுக்குடிக்கு, ரக்பி மக்களுக்கு என்று அன்று பத்திரிகைகள் எழுதின. ஆபரா பாடகர் பிரின் டெர்ஃபெல் வடக்கு வேல்ஸில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். சுரங்கத் தொழிலாளிகள் கூடிப் பாடிய பாட்டிலிருந்து வளர்ந்த ஊருக்கு இசை மேட்டுக்குடிச் சமாச்சாரமா? ஹதீத் பிறகு உலகமெங்கும் கட்டினார். கார்டிஃப் அவரை இழந்தது இழந்ததுதான். ஆபரா குழுவுக்கு வேல்ஸ் மில்லெனியம் மையத்தில் இடம் கிடைக்க 2004 ஆனது.

சரி, ராக் இசைக்கு வருகிறேன். மானிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் ப்ளாக்வுட் என்ற சுரங்க ஊர்ப் பையன்கள். 1999 பிப்ரவரியில் பிரிட் விருதுகளில் சிறந்த குழு, சிறந்த ஆல்பம் இரண்டும் அவர்களுக்கு. அந்த ஆல்பத்தின் தலைப்பே அன்யூரின் பெவனின் வாசகம். ட்ரெடீகர் சுரங்கத்திலிருந்து வந்து, பிரிட்டனுக்கே இலவச மருத்துவத்தைக் கொடுத்த அமைச்சர். அப்படி ஒரு தலைப்போடு ஓர் இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்ததை நினைத்துப் பாருங்கள். குவமாமன் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த ஸ்டீரியோஃபோனிக்ஸ் ஜூலை 31 அன்று ஸ்வான்சீ மோர்ஃபா மைதானத்தில் ஐம்பதாயிரம் பேருக்குப் பாடினார்கள். கேட்டடோனியா குழுவின் பாடகி கெரிஸ் மாத்யூஸ் தன் வேல்ஸ் உச்சரிப்பைக் கொஞ்சமும் மழுப்பாமல் பாடினார். ஐம்பத்தொன்பது வயதை எட்டிய டாம் ஜோன்ஸ் இந்த இளையவர்களோடெல்லாம் சேர்ந்து பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார், அது முதலிடத்துக்குப் போனது.

எண்பதுகளில் வேல்ஸ்காரக் குழு என்றால் லண்டன் இசைப் பத்திரிகைகளில் கேலிதான். அந்தக் கேலி நின்றுபோன ஆண்டு இது. எனக்கு இது போதும், 1999ஐ முக்கியமான ஆண்டு என்று சொல்ல.

#6 செம்பருத்தி

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ரக்பி எனக்குப் புரியாது, ஆனால் இந்த ஐஸ்டெத்வொட் என்ற வேல்ஸ் மொழிக் கலைவிழா பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். இவ்வளவு பேரும் பாடியது ஆங்கிலத்தில்தானே? வேல்ஸ் மொழி எங்கே போனது 1999இல்? டாஃப்கரை, உங்களுக்குத் தெரிந்திருக்குமே அம்மா.

#7 டாஃப்கரை

கேட்டதற்கு நன்றி அம்மா. இதைப் பற்றி எழுத எனக்கும் ஆசை.

தேசிய ஐஸ்டெத்வொட் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடக்கும். ஓர் ஆண்டு வடக்கே, ஓர் ஆண்டு தெற்கே. 1999இல் வடக்கே ஆங்கிள்சீ தீவில். பெரிய வயல்வெளியில் ஒரு வாரத்துக்கு ஓர் ஊரே எழும்பும். மேடையில் முழுக்க முழுக்க வேல்ஸ் மொழி மட்டும்தான்.

கவிஞர்களுக்கு இரண்டு பெரிய பரிசுகள். மரபுக்கவிதைக்கு நாற்காலி, கட்டற்ற கவிதைக்குக் கிரீடம். நாற்காலிக்கு எழுதுபவர் கங்ஹானெத் என்ற கடுமையான யாப்பில் எழுத வேண்டும். ஒவ்வோர் அடியிலும் மெய்யெழுத்துகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் திரும்ப ஒலிக்க வேண்டும், அடிக்குள்ளேயே இயைபும் வேண்டும். உங்களைப் போல எதுகை, மோனை கற்றுக்கொடுத்தவர்களுக்கு இதன் சிரமமும் அழகும் சட்டென்று பிடிபடும். பால் கறப்பவர், லாரி ஓட்டுபவர்கூட மாலை வகுப்பில் உட்கார்ந்து இதைக் கற்கிறார்கள்.

எல்லோரும் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். விழா நாளில் பல்லாயிரம் பேர் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள், விளக்கை அணைப்பார்கள். வென்றவரின் புனைபெயரைச் சொல்லி, எக்காளம் ஊதியதும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். கூட்டத்தின் நடுவில் எங்கோ ஒருவர் எழுவார். வெளிச்சம் அவர் மேல் விழும். அதுவரை பக்கத்து இருக்கைக்காரருக்கே தெரியாது. மேடைக்கு வந்ததும் தலைமைப் பூசகர் உறைவாளைப் பாதி உருவி "சமாதானம் உண்டா?" என்று மூன்று முறை கேட்பார், கூட்டம் "சமாதானம்" என்று முழங்கும். பிறகுதான் வாள் முழுதாக உறைக்குள் போகும்.

1999இல் கிரீடம் வாங்கியவர் இவோர் அப் க்ளின். வேல்ஸ் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பின்னாளில் வேல்ஸின் தேசியக் கவிஞரானார். லண்டனில் வளர்ந்த பிள்ளை தன் மொழியில் கவிதை எழுதி ஆங்கிள்சீ வயலில் முடிசூடியதைத்தான் அந்த ஆண்டின் மிக நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்வேன்.

ஓர் அரிய படத்தையும் சொல்ல வேண்டும். 'சாலமன் அண்ட் கேனர்' 1999இல் வெளிவந்தது. 1911இல் தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்கில் யூதர்கள் மீது நடந்த கலவரப் பின்னணியில் ஒரு காதல் கதை. வேல்ஸ், யூதர்களின் இத்திஷ், ஆங்கிலம் மூன்றும் பேசும் படம். அடுத்த ஆண்டு ஆஸ்கரில் பிறமொழிப் படப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

#8 செம்பருத்தி

நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. பள்ளிக்கூட விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளிநிழல் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். 1990இல் 14 வயதுவரை கட்டாயம், 1999இல் 16 வரை. ஒரு மொழியைப் பிள்ளைகள் தேர்வுக்கூடம்வரை கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் சொல்வது சாதாரண விஷயமில்லை. அதன் பலன் என்ன?

#9 உப்புக்காற்று

கலவையான பலன் அம்மா. கணக்கெடுப்பில் வேல்ஸ் பேசுபவர்கள் 1991இல் 18.7 சதவீதம், 2001இல் 20.8. நூறாண்டு காலமாக இறங்கிக்கொண்டே வந்த கோடு முதன்முறையாக மேலே திரும்பியது. ஆனால் 2011இல் 19, 2021இல் 17.8 என்று மறுபடி இறங்கிவிட்டது. பள்ளியில் கற்ற பிள்ளை படிப்பு முடிந்ததும் வேலைக்கு இங்கிலாந்து போகிறது. கவினெத், ஆங்கிள்சீ போன்ற பகுதிகளில் வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கிவிடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு வீடில்லை. கட்டாயப் பாடம் தேவைதான், நானும் அதை ஆதரிக்கிறேன். வேலையும் வீடும் இல்லாத ஊரில் மொழியைப் பாடப்புத்தகம் மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது.

#10 மூன்றாம்வரிசை

கால்பந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் இரண்டே வரி. அந்த ஆண்டு தேசிய அணி பரிதாபம். அரங்கமில்லாமல் சில சொந்த ஆட்டங்களை லிவர்பூலில் ஆடினார்கள். ஜூனில் இத்தாலியிடம் 4-0, பயிற்சியாளர் பாபி கூல்ட் விலகினார், மார்க் ஹியூஸ் வந்தார். ஆனால் கார்டிஃபில் பிறந்த ரயன் கிக்ஸ், கிப்ஸ் ட்ரை போட்ட மூன்றாம் நாள், ஆர்சனலுக்கு எதிராகப் பாதி மைதானத்தைக் கடந்து ஒரு கோல் போட்டார். அரசி பேரவையைத் திறந்த அதே மே 26 இரவு பார்சிலோனாவில் மான்செஸ்டர் யுனைட்டெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றது, கிக்ஸ் களத்தில். ஆகஸ்டில் செவில்லில் கார்டிஃப்காரர் காலின் ஜாக்சன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 13.04 வினாடியில் உலகப் பட்டம் வென்றார். 1993இல் வென்ற பட்டத்தை ஆறு ஆண்டு கழித்து மறுபடி வாங்குவதென்றால் எத்தனை உழைப்பு!

இனி உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவை 29-19 என்று வென்றபோது கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால் சுமார் 29,000 பேரைத்தான் உள்ளே விட்டார்கள். மார்க் டெய்லர் போட்டது அந்த அரங்கத்தின் முதல் ட்ரை. அக்டோபர் 1 அன்று முழு அரங்கில் அர்ஜென்டினாவை 23-18. அடுத்து ஜப்பான். தொடர்ந்து 10 வெற்றி. எல்லோரும் கோப்பைக் கனவில்.

அக்டோபர் 14 அன்று சமோவா வந்தது. அந்த ஆட்டத்தில்தான் ஜென்கின்ஸ் மைக்கேல் லைனாவின் 911 புள்ளிகளைத் தாண்டி உலகிலேயே அதிகப் புள்ளி எடுத்த வீரரானார். அதே ஆட்டத்தில் வேல்ஸ் 31-38 என்று தோற்றது. சமோவாவின் மக்கள்தொகை அப்போது இரண்டு லட்சம் இருந்தாலே அதிகம். காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 24-9. கதை முடிந்தது. அந்த ஆஸ்திரேலியாதான் நவம்பர் 6 அன்று கார்டிஃபில் பிரான்சை 35-12 என்று வென்று கோப்பையை அரசியிடமிருந்து வாங்கியது. அன்றைக்கே ஆஸ்திரேலியாவில் முடியாட்சி வேண்டுமா என்ற வாக்கெடுப்பும் நடந்தது.

கிளிநிழல், நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அரங்கம் கோப்பை தரவில்லை. ஆனால் கார்டிஃப் நகரத்தின் நட்டநடுவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், டாஃப் நதிக் கரையில் நிற்கிறது. வெம்ப்ளியை இடித்துக் கட்டிய 2001 முதல் 2006 வரை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டமே கார்டிஃபுக்கு வந்தது. இரண்டு ஆண்டு லண்டனுக்குப் போய்த் தங்கள் ஆட்டத்தை ஆடியவர்களிடம், அடுத்து லண்டன்காரர்கள் வந்து ஆடினார்கள். இதையும் கொண்டாட்டக் கணக்கில் சேர்ப்பீர்களா?

#11 கிளிநிழல்

எஃப்.ஏ. கோப்பை விஷயம் நல்ல அடி. ஆனால் பேரவை என்ன செய்தது என்பதையும் அடுக்குகிறேன்.

1999இல் அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரமே கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டர் என்ற லண்டன் நாடாளுமன்றத்தின் சட்டங்களுக்குக் கீழே விதிகள் எழுதலாம், பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கலாம், அவ்வளவுதான். வரி போட முடியாது. அதே 1999இல் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது முழு நாடாளுமன்றம். அந்த வேறுபாடு வேல்ஸ்காரர்களுக்கு உறுத்தலாகவே இருந்தது. அதிகாரப் பகிர்வு ஒரே நாளில் முடிகிற காரியமில்லை, தொடர்ந்து நடக்கிற வேலை என்று ரான் டேவிஸ் சொன்னார். அப்படியேதான் நடந்தது. பிரிட்டனின் முதல் குழந்தைகள் ஆணையர் 2001இல் வேல்ஸில் வந்தார். 2007இல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் ஒழிந்தது. 2011இல் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம், பிரிட்டனிலேயே முதலில். 2015இல் உறுப்பு தானத்தில் மறுப்புத் தெரிவிக்காதவர் சம்மதித்தவராகக் கருதப்படும் முறை, அதிலும் முதல். 2011 வாக்கெடுப்பில் முழுச் சட்ட அதிகாரத்துக்கு 63.5 சதவீதம் ஆம் என்றார்கள். 1979இல் நாலில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்ற அதே மக்கள். இன்று அதன் பெயரே செனெட். உறுப்பினர் எண்ணிக்கையை 60லிருந்து 96 ஆக்கும் சட்டம் 2024இல் நிறைவேறியது.

ரோட்ரி மார்கனைப் பற்றி ஒன்று. அலன் மைக்கேல் 2000 பிப்ரவரியில் பேரவை அரசின் தலைமையிலிருந்து விலகியதும் மார்கன்தான் வந்தார், 2009 டிசம்பர்வரை இருந்தார். வேல்ஸ் மொழி பேசுவார், ரக்பி பேசுவார், கடைத்தெருவில் நின்று எல்லோரோடும் பேசுவார். மக்கள் பேரவையைத் தங்களுடையது என்று நினைக்கத் தொடங்கியது அவரால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

#12 உப்புக்காற்று

மைக்கேல் ஏன் விலகினார் என்பதில்தான் 1999இன் மையம் இருக்கிறது. அதை எழுதாமல் இந்த இழை முடியக் கூடாது.

1999 மார்ச்சில் பெர்லின் உச்சி மாநாட்டில் மேற்கு வேல்ஸையும் பள்ளத்தாக்குகளையும் ஐரோப்பிய ஒன்றியம் 'அப்ஜெக்டிவ் ஒன்' என்ற நிதியுதவிப் பகுதியாக ஏற்றது. அதற்குத் தகுதி என்ன தெரியுமா? தலைக்கு வரும் உற்பத்தி ஐரோப்பிய சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது ஏழ்மைதான் தகுதி. ஒரு காலத்தில் உலகத்துக்கே நிலக்கரி அனுப்பிய மண். பிரஸ்ஸல்ஸ் தரும் பணத்துக்கு ஈடாக லண்டனும் ஒரு பங்கு தர வேண்டும். அதை மைக்கேலால் கருவூலத்திடமிருந்து வாங்கிவர முடியவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, விலகினார்.

உலகக் கோப்பை தொடங்கிய அதே அக்டோபரில் பிரிட்டிஷ் ஸ்டீல் ஒரு டச்சு நிறுவனத்தோடு இணைந்து கோரஸ் ஆனது. 2001 பிப்ரவரியில் எப்பூ வேல் ஆலையை மூடுவதாகவும் லான்வெர்னில் எஃகு உருக்குவதை நிறுத்துவதாகவும் அறிவித்தார்கள். பேரவை எவ்வளவு பேசியும் தடுக்க முடியவில்லை, அதற்கு அந்த அதிகாரம் இல்லை. எப்பூ வேல் இருக்கும் ப்ளைனை க்வென்ட் பகுதிக்கு ஐரோப்பியப் பணத்தில் சாலை வந்தது, கல்லூரி வந்தது. 2016இல் அங்கே 62 சதவீதம் பேர் ஐரோப்பாவை விட்டு வெளியேற வாக்களித்தார்கள்.

பாட்டு வந்தது, அரங்கம் வந்தது, பேரவை வந்தது. உருக்காலையில் வேலை போனவனுக்கு என்ன வந்தது என்று கேட்கும் ஆள் நான். ஐரோப்பாவுக்கு எதிராகப் போட்டது சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பதினேழு வருடம் நிதி வந்தும் அவர்கள் வாழ்க்கை தரையில் மாறவில்லை, அதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

#13 நீலமணி

உப்புக்காற்று, டவர் சுரங்கத்தையும் சேர்த்துப் பாருங்களேன். அரசு மூடிய சுரங்கத்தைத் தொழிலாளிகள் ஆளுக்கு 8,000 பவுண்டு இழப்பீட்டுப் பணத்தைப் போட்டுத் தாங்களே வாங்கினார்கள். 1995 தொடங்கி 2008இல் நிலக்கரி தீரும்வரை நடத்தினார்கள். 1999 முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தரக் காத்திராமல் தங்கள் கையாலேயே செய்துகொண்டவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள்.

#14 உப்புக்காற்று

டவர் எனக்கும் பிடித்த கதை. ஆனால் ஒரு சுரங்கம்தான் மிஞ்சியது, நீலமணி. நூற்றுக்கணக்கில் இருந்த இடம்.

#15 டாஃப்கரை

இருவரும் சொல்வதை ஊரில் இருப்பவளாக ஏற்கிறேன். கார்டிஃப் விரிகுடாவில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. 1999 நவம்பரில் தடுப்பணை முடிந்து சேற்றுக் கழிமுகம் ஏரியானது, சுற்றிலும் உணவகங்கள் எழுந்தன. ரயில் ஏறி முக்கால் மணி நேரம் பள்ளத்தாக்குக்குள் போனால் பாதிக் கடை மூடியிருக்கும் தெரு வருகிறது. இரண்டும் ஒரே நாடு, ஒரே பேரவை.

செம்பருத்தி அம்மா, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஐஸ்டெத்வொட் நாற்காலி விழாவை வேல்ஸ் மொழித் தொலைக்காட்சி எஸ்.4.சி. ஒவ்வோர் ஆகஸ்டும் நேரடியாகக் காட்டுகிறது. மொழி புரியாவிட்டாலும் கவிஞர் எழுந்து நிற்கும் அந்த நிமிடம் புரியும். அடுத்த ஆகஸ்டில் இதே இழையில் நேரத்தைப் போடுகிறேன். மூன்றாம்வரிசை தம்பியும் ஒரு முறை பார்க்கட்டும்.